பட்டமா, பட்டறையா?

 

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டொரு வரிகளில் விடை சொல்லிவிடலாம். சில கடிதங்களோ, மடித்து வைத்த பின்னரும் நெஞ்சைவிட்டு அகல மறுக்கின்றன. ஆத்தூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் கடிதம் அத்தகையது. பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால் செய்தியை மட்டும் தருகிறேன்.

அவருக்கு இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண். கணவர், ஜவ்வரிசி ஆலைகளுக்கு இயந்திர வேலை செய்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்றில் 28 ஆண்டுகளாக உழைப்பவர். மூத்த மகனை வங்கிக் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பி.இ. மெக்கானிக்கல் படிக்க வைத்தார்கள். அவன் தேறி மூன்றாண்டுகள் ஆகின்றன. இன்று சேலத்தில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறான். இளையவன் இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களோடு தேறியிருக்கிறான். ஐ.டி.ஐ.யில் சேர்ந்து ஃபிட்டர் படிக்கப் போவதாக அவன் சொல்ல, தந்தை ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்.

அந்தத் தாய் எழுதுகிறார்: "பிள்ளைகளின் அத்தா சொல்வது இதுதான். 'நான் கிரீஸ் பூசிக்கொண்டது என்னோடு போகட்டும். பெண் கொடுக்க வருகிறவர்கள் பையன் என்ன படித்திருக்கிறான் என்றுதான் கேட்பார்கள். என்ன செய்யத் தெரியும் என்று எவர் கேட்கிறார்?' என்கிறார். சின்னவனோ, 'அண்ணன் படித்ததால் என்ன கண்டோம்?' என்கிறான். அதைக் கேட்டு மூத்தவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கையில் மீதி இருப்பது இரண்டு வளையல்கள். அவற்றையும் வைத்து இவனையும் பி.இ. சேர்ப்பதா? நான் யார் பக்கம் நிற்பது?"

இது ஒரு வீட்டின் கேள்வி அன்று. ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதத்தில் நம் முஹல்லாக்களில் எத்தனையோ வீடுகளில் இரவு உணவுக்குப் பின் எழும் கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே பேசுவோம்.

தந்தையின் அச்சம்

முதலில் அந்தத் தந்தையின் பக்கம் நிற்போம். அவர் தொழிலை இகழ்கிறவர் அல்லர். 28 ஆண்டுகள் அந்தத் தொழிலால்தான் குடும்பத்தைக் காத்திருக்கிறார். தாம் பட்ட அவமதிப்பு மகனுக்கும் வேண்டாம் என்பதே அவருடைய எண்ணம். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தால், அருகில் இருப்பவர் சற்றே நகர்ந்து உட்காருவதை அவர் கண்டிருப்பார். விருந்துகளில் எவரை முன் வரிசைக்கு அழைக்கிறார்கள், எவரை அழைப்பதில்லை என்பதையும் கண்டிருப்பார்.

இந்த அச்சத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறும் உண்டு. ஒரு காலத்தில் சேலத்தில் வழக்கறிஞராக விளங்கி, சேலம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய இராஜாஜி, முதலமைச்சராக இருந்தபோது 1953-ல் ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு 5 மணி நேரமாக இருந்த படிப்பு 3 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். சலவைத் தொழிலாளியின் மகன் சலவையையும், மண்பாண்டம் செய்பவரின் மகன் மண்பாண்டத்தையும் கற்கவேண்டும் என்பதே அதன் பொருளாக முடியும் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் நிலைத்தது. 1954-ல் இராஜாஜி பதவி விலகினார். அவரை அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

அந்த எதிர்ப்பு நியாயமானது. தொழில் இழிவானது என்று அன்று எவரும் சொல்லவில்லை. தொழில் பிறப்பால் தீர்மானிக்கப்படுவதையும், அதற்காகப் படிப்பு பாதியாக வெட்டப்படுவதையும், மேலே செல்லும் வாசல் ஏழைப் பிள்ளைக்கு மட்டும் அடைக்கப்படுவதையுமே எதிர்த்தார்கள். ஆயினும் பொதுமக்கள் மனத்தில் இது வேறு விதமாகப் பதிந்துபோனது. 'கையால் செய்யும் தொழிலைக் கற்பது பின்னேற்றம். காகிதப் படிப்பே முன்னேற்றம்' என்ற கருத்து ஊன்றிவிட்டது. ஆத்தூர்த் தந்தையின் மறுப்பில் ஒலிப்பதும் அதுவே.

இதற்கு முன்பே இந்நாட்டில் வேறொரு சிந்தனையும் இருந்தது. 1937-ல் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டுக்குப் பின், ஆதாரக் கல்விக்கான பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். பெர்லினில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, டில்லி ஜாமிஆ மில்லிய்யாவைக் கட்டி வளர்த்தவர். 1967 முதல் 1969-ல் மறையும் வரை இந்நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியவர். உயர்ந்த பட்டம் பெற்ற அந்த அறிஞர், கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தார். அதே வேளையில், வருமானத்தை மட்டும் கருதி அறிவு வளர்ச்சியைப் பலி கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது என்று அந்தக் குழுவின் அறிக்கையே எச்சரித்தது. கை வேலை செய்யட்டும்; ஆனால் அறிவின் வாசல் திறந்தே இருக்கட்டும் என்பதே அதன் சாரம். நம் கேள்விக்கும் இதுவே உரைகல்.

வாசல் அடைபட்டிருக்கிறதா?

அப்படியானால் அந்தத் தாய் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'என் மகன் இந்தப் பாதையில் நுழைந்தால், மேலே செல்லும் வழி இருக்கிறதா?'

கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ல் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. அதன் வழி வந்தவையே இன்றைய தொழிற்பயிற்சி நிலையங்களாகிய ஐ.டி.ஐ.க்கள். 14 வயது நிறைந்தவர்கள் சேரலாம். வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்; படிப்பு ஓராண்டு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், குளிர்சாதன மெக்கானிக் போன்றவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், படிப்பு ஈராண்டு. முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு. அதில் தேறினால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்.

இனி மேலே செல்லும் வழிகளைப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், பாலிடெக்னிக் டிப்ளமாவின் 2-ஆம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமா முடித்தவர், பொறியியல் பட்டப் படிப்பின் 2-ஆம் ஆண்டில் சேரலாம். 2022-ல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, எட்டாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர் பத்தாம் வகுப்பின் மொழித்தாள்களையும், பத்தாம் வகுப்புக்குப் பின் முடித்தவர் பன்னிரண்டாம் வகுப்பின் மொழித்தாள்களையும் எழுதித் தேறினால், அந்தந்த வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெறலாம். ஃபிட்டராகத் தொடங்கியவன் விரும்பினால் பொறியாளராகவும் ஆகலாம்.

வேலை வாய்ப்பிலும் இந்தச் சான்றிதழ் வெறுங்காகிதம் அன்று. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி பெரிய ஆலைகள் உதவித்தொகையோடு பழகுநர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. திருச்சி பி.எச்.இ.எல்., பொன்மலை ரயில்வே பணிமனை ஆகியவற்றில் இவ்வழியாகத் தொழில் பழகி வாழ்வில் உயர்ந்தவர்கள் ஏராளம். ரயில் ஓட்டுநர் உதவியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. முடித்தவர் விண்ணப்பிக்கலாம். மின்வாரியத்தின் கள உதவியாளர் பணிக்கும் அதுவே தகுதி. இளங்கலைப் பட்டத்தை மட்டும் வைத்திருப்பவர் இவற்றுக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பதை நம் பெற்றோரில் பலர் அறியமாட்டார்கள்.

கரும்பலகைக் காலத்து இயந்திரங்களே அங்கு இருக்கும் என்ற குறை முன்பு சொல்லப்பட்டது. அதில் உண்மையும் இருந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 71 அரசு ஐ.டி.ஐ.க்களை சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் புதிய தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் பணியை மேற்கொண்டது. கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரங்களும் ரோபோக்களும் அங்கே வந்து சேர்ந்தன. அரசுப் பள்ளிகளில் படித்த பெண்களுக்காக 2022-ல் தொடங்கப்பட்ட 'புதுமைப் பெண்' திட்டமும், ஆண்களுக்காக 2024-ல் தொடங்கப்பட்ட 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும், மாதம் 1,000 ரூபாய் உதவியை ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் சேர்த்தே வகுத்தன. அரசே கல்லூரியையும் ஐ.டி.ஐ.யையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டது. நாம்தான் இன்னும் தனித்தனிப் பந்தி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பட்டத்தின் மறுபக்கம்

இவ்வாறு சொல்வதால் பட்டப் படிப்பை நான் குறைத்துப் பேசுவதாக எவரும் கருத வேண்டாம். 1951-ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியையும், அதே ஆண்டு சென்னையில் புதுக் கல்லூரியையும், 1984-ல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியையும் எழுப்பிய நம் முன்னோர் செய்தது மாபெரும் தொண்டு. அவர்கள் விதைத்திராவிட்டால் நம்மில் எத்தனை பேர் எழுதப் படிக்க முன்வந்திருப்போம்?

ஆனால் காலம் மாறிவிட்டதையும் காணவேண்டும். 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரியோ 28.4 விழுக்காடு. ஊருக்கு ஒருவர் பட்டம் பெற்றிருந்த காலத்தில் பட்டமே வேலையைத் தேடித் தந்தது. தெருவுக்குப் பத்துப் பேர் பட்டம் பெற்றிருக்கும் காலத்தில், பட்டத்தோடு என்ன தெரியும் என்பதே கேள்வி. படித்தவர்களிடையேதான் வேலையின்மை மிகுதி என்று அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகளே மீண்டும் மீண்டும் காட்டுகின்றன.

ஆத்தூர் வீட்டின் மூத்த மகனுக்கு ஒரு சொல்: தம்பி, உன் படிப்பு வீணன்று. நான்காண்டு கற்ற கணிதமும் இயந்திரவியலும் உன்னிடம்தான் இருக்கின்றன. பொறியியல் பட்டதாரிகளுக்கும் ஓராண்டுத் தொழில் பழகுநர் பயிற்சி உண்டு. படிப்பு முடித்துச் சில ஆண்டுகளுக்குள் சேரவேண்டும் என்பதால், காலம் தாழ்த்தாமல் சென்னைத் தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தில் பதிவு செய்துகொள். உன் தந்தையின் பட்டறையிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் சென்று நில். ஏட்டில் நீ படித்ததை அவர் கையால் செய்வதைக் காண்பாய்.

நம் மார்க்கம் சொல்வது

நம் சமுதாயத்துக்கு இந்தத் தயக்கம் வந்திருக்கவே கூடாது. திருக்குர்ஆனில் தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கித் தந்ததாகவும், போர்க்கவசம் செய்யக் கற்றுக்கொடுத்ததாகவும் அல்லாஹ் அருட்கொடையாகவே எடுத்துரைக்கின்றான் (21:80, 34:10-11). வளையங்களை அளவாக அமைக்கும்படி அங்கே கட்டளையும் வருகிறது. அளவு பார்த்துச் செய்வது! இன்றைய ஃபிட்டர் மாணவன் முதல் மாதத்தில் கற்கும் பாடம் அதுவல்லவா? அரசராகவும் நபியாகவும் இருந்த அவர்கள் தம் கையுழைப்பால் உண்டதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். நூஹ் நபி (அலை) கப்பல் கட்டினார்கள். ஜகரிய்யா நபி (அலை) தச்சர் என்று ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது.

உதவி கேட்டு வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் செய்தி அபூதாவூதில் இடம்பெறுகிறது. வீட்டில் இருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் கொண்டுவரச் செய்து, நபியவர்கள் அவற்றை இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள். ஒரு திர்ஹத்துக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் கழித்து வரும்படியும் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹத்தோடு திரும்பி வந்தார். இதை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். கோடரிக்குப் பிடி போட்டவர் யார் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

மதரஸாக்களில் ஓதப்படும் நூல்களின் ஆசிரியர்களையே பாருங்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபா நகரின் துணி வணிகர். வக்ஃபு சட்டங்களை விரிவாக எழுதிய கஸ்ஸாஃப் (ரஹ்) செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அவர் பெயரின் பொருளே அதுதான். ஜஸ்ஸாஸ் என்பது சுண்ணச் சாந்துத் தொழிலையும், ஹல்வானீ என்பது இனிப்புத் தொழிலையும் குறிக்கும் பெயர்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் கஃப்பால் (ரஹ்), ஏறத்தாழ முப்பது வயது வரை பூட்டுச் செய்பவராக இருந்து, அதன் பின்னரே கல்வியில் இறங்கியவர். தொழிலின் பெயரை மறைக்காமல், அதையே தம் அடையாளமாக ஏற்று நூலின் முகப்பில் பொறித்துக்கொண்ட சமுதாயம் நாம். இன்று மகனின் தொழிலைத் திருமணப் பத்திரிகையில் போடக் கூசுகிறோம்.

ஜவ்வரிசி சொல்லும் செய்தி

ஆத்தூர் வட்டாரத்துக்கு உயிர் கொடுக்கும் ஜவ்வரிசித் தொழிலின் கதையையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 1943 வாக்கில், போரினால் வெளிநாட்டு வரத்து நின்றிருந்த வேளையில், சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்திருந்த பொபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். முறைகள் மிகவும் எளியவை. நாளொன்றுக்கு 2 மூட்டை வருவதே அரிது. வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் அந்த இயந்திரங்களையும் முறைகளையும் சீர்திருத்தினார். உற்பத்தி 25 மூட்டைகளாக உயர்ந்ததென்று தொழிலின் வரலாறு கூறுகிறது.

பின்னர் நூற்றுக்கணக்கான ஆலைகள் எழுந்தன. 1981-ல் சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கல்வராயன் மலையடிவாரத்து உழவர் முதல் வட இந்தியாவில் நோன்பு உணவுக்கு ஜவ்வரிசி வாங்கும் குடும்பம் வரை ஒரு பெருஞ்சங்கிலி உருவாயிற்று. அதன் முதல் கண்ணிகளுள் ஒன்று, ஒரு மெக்கானிக்கின் கை. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டுவதும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் நாடெங்கும் புறப்படுவதும் இத்தகைய கைகளால்தான். ஆத்தூர்த் தந்தையே! நீங்கள் 28 ஆண்டுகளாகச் செய்துவருவது அந்த வரிசையில் வரும் வேலை. அதற்காக நீங்கள் தலை குனிய வேண்டியதில்லை.

சான்றிதழ் இல்லாத திறமை

இவ்வளவும் சொன்ன பின், நம் குறையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

நம்மவர்களிடம் தொழில் இல்லை என்பதன்று குறை. 2006-ல் வெளிவந்த நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை, முஸ்லிம்கள் மற்றவர்களைக் காட்டிலும் சுயதொழிலையே மிகுதியாக நம்பி வாழ்வதை எடுத்துக்காட்டியது. மெக்கானிக், வெல்டர், டிங்கர், தையல்காரர், மின்வேலைக்காரர் என்று நம் தெருக்களில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தத் திறமைக்குச் சாட்சி சொல்லும் காகிதம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, உஸ்தாதிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கத் தொடங்கும் சிறுவன், நாற்பது வயதில் ஊரே மெச்சும் மேஸ்திரி ஆகிறான். அப்போதும் பெரிய ஆலையின் வாசலில் அவனை நிறுத்தி, 'சான்றிதழ் எங்கே?' என்றே கேட்கிறார்கள்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் இதை நன்கறிவர். பத்தாம் வகுப்புத் தேறாதவருடைய கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை விழுகிறது. சவூதி அரேபியா சில ஆண்டுகளாக எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் போன்ற தொழில்களுக்குத் திறன் தேர்வையே விதித்திருக்கிறது. 'எனக்கு வேலை தெரியும்' என்ற வாய்ச்சொல் இனிக் கடல் கடக்காது.

ஆகவே, தொழிலின் மேன்மையைப் பேசிக்கொண்டு ஏழைப் பிள்ளையைப் பாதியில் பள்ளியை விட்டு நிறுத்துவதை எவரும் நியாயப்படுத்த முடியாது. அது 1953-ன் திட்டத்தை நம் கையாலேயே மீண்டும் கொண்டுவருவதாகும். தொழிற்கல்வியை மேடையில் புகழும் செல்வந்தர் தம் பிள்ளையை எங்கே சேர்த்திருக்கிறார் என்று பாருங்கள். தமக்கு வேண்டாததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மேன்மை என்று சொல்வது நாணயமாகாது. படிப்பும் தொழிலும் விருப்பத்தால் தேர்ந்துகொள்ளப்பட வேண்டும்; வறுமை தேர்ந்துகொடுக்கக் கூடாது.

ஏற்கெனவே தொழில் கற்ற நம் சகோதரர்களுக்கும் வழியுண்டு. மின்கம்பி வேலையில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்கள், 21 வயது நிறைந்திருந்தால், தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். உயர்ந்தபட்ச வயது வரம்பு இல்லை. வேறு தொழில்களில் போதிய அனுபவம் உடையவர்கள் அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வர்களாக எழுதவும் இடமுண்டு. நாளிதழ்களில் ஒரு மூலையில் வரும் இந்த அறிவிப்புகளை நம் பள்ளிவாசல் பலகையில் ஒட்டினால் என்ன?

ஜமாஅத்தார் கவனத்துக்கு

முத்தவல்லிகளுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்துகிறீர்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மதிப்பெண் பெற்றவர்களுக்குக் கேடயம் தருகிறீர்கள். மகிழ்ச்சி. அதே மேடையில் தொழில் தேர்வில் தேறிய வெல்டரையும், பழகுநர் பயிற்சி முடித்த ஃபிட்டரையும், கணினி இயக்கும் பயிற்சி பெற்ற சகோதரியையும் அழைத்து ஒரு சால்வை போடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். அதைக் காணும் பெற்றோரின் மனம் மாறுவதற்கு நூறு சொற்பொழிவுகளும் ஈடாகா. பைத்துல்மாலிலிருந்து கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுவதைப் போல, ஒரு கருவிப் பெட்டிக்கும் உதவுங்கள். கோடரிக்குப் பிடி போட்ட ஸுன்னத் அது.

சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டியதுண்டு. மருமகனைத் தேடும்போது முதல் கேள்வியை மாற்றுங்கள். வருமானம் ஹலாலானதா, கையில் தொழில் இருக்கிறதா, தொழுகை இருக்கிறதா என்று கேட்ட பின் பட்டத்தைக் கேளுங்கள். உங்கள் பெண் பிள்ளைகளுக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. சேலத்தில் மகளிருக்கெனவே அரசு ஐ.டி.ஐ. உண்டு. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழில் செய்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தவர்கள் என்பதை நம் பெண்கள் அறியட்டும்.

அந்தத் தாய்க்கு

சகோதரியே! யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருந்தீர்கள். இருவர் பக்கமும் நில்லுங்கள்.

மகனிடம் முதலில் கேளுங்கள். இந்தத் தொழில் மீது அவனுக்கு உண்மையான நாட்டமா, அல்லது அண்ணனைப் பார்த்து வந்த விரக்தியா? விரக்தி என்றால் அவசரப்பட வேண்டாம். நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறான். மேனிலைப் பள்ளியும், மூன்றாண்டு பாலிடெக்னிக்கும் அவனுக்குத் திறந்தே இருக்கின்றன. நாட்டம்தான் என்றால் தடுக்க வேண்டாம்.

சேர்க்கும் முன் நிலையத்தை நேரில் சென்று பாருங்கள். அரசு நிலையத்தில் இடம் கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள். தனியார் நிலையமானால், தேசியத் தொழிற்பயிற்சிச் சான்றிதழுக்கு அங்கீகாரம் இருக்கிறதா, பணிமனையில் ஓடும் இயந்திரங்கள் எத்தனை என்று விசாரியுங்கள். அதை விசாரிக்க உங்கள் கணவரைவிடத் தகுதியானவர் உங்கள் வீட்டில் எவரும் இல்லை. அவரையே அழைத்துச் செல்லுங்கள். இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தே அவர் தரத்தைச் சொல்லிவிடுவார். தம் 28 ஆண்டு அறிவுக்கு வீட்டில் மதிப்பிருக்கிறது என்று அவர் அன்று உணர்வார். அவருடைய மறுப்பு இளகுவதற்கு அதுவே வழியாகலாம்.

மகனிடம் ஒரு வாக்குறுதி வாங்குங்கள். ஐ.டி.ஐ. முடித்ததும் பன்னிரண்டாம் வகுப்பின் மொழித்தாள்களை எழுதிவிட வேண்டும். பழகுநர் பயிற்சியையும் முடிக்க வேண்டும். அதன் பின் டிப்ளமாவா, வேலையா, சொந்தப் பட்டறையா என்பதை அவன் முடிவு செய்யட்டும். தொடக்கச் சம்பளம் சிறியதாகத்தான் இருக்கும். அதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பொய்யான ஆசை காட்டி ஒரு மகனைப் படிக்க வைத்து வருந்திய வீட்டில் அந்தத் தவறு இரண்டாம் முறை நேரக் கூடாது.

வளையல்களை அடகு வைக்க வேண்டாம். அவை உங்கள் மகளின் படிப்புக்கு இருக்கட்டும். அவள் என்ன படிக்க விரும்புகிறாள் என்பதை உங்கள் கடிதத்தில் எழுத மறந்துவிட்டீர்கள். அவளிடமும் கேளுங்கள்.